தூதரை அனுப்பியது யார்?



'தூதர்' எனும் சொல்லைப் பற்றிச் சிறிது பேச வேண்டியுள்ளது. சொல்லாராய்ச்சி என எண்ணி ஓடிவிடாதீர்கள். இக்கட்டுரையில் பெங்குவின்கள் உண்டு, எலிகள் உண்டு, சற்றுச் சினமும் உண்டு.

எனக்கு நன்கு அறிமுகமான மருத்துவர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர், எங்கள் பள்ளிக்குப் பல வகையிலும் கைகொடுத்தவர், நியூசிலாந்துக்குத் தெற்கே உள்ள ஆளில்லாத் தீவுகளுக்குக் கப்பலில் சென்று வந்தார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அவரை அழைத்து ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் பேச வைத்தது. ஒன்றரை மணி நேரம் படங்காட்டிப் பேசினார். பிள்ளைகள் அசையாமல் கேட்டனர். (நான் இலக்கணம் நடத்தும் வேளையில் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை என்பதையும் ஈண்டுப் பதிவு செய்கிறேன்.) முடிவில் அவர் சொன்னார்: "அந்தத் தீவில் கால் வைத்த ஒவ்வொருவரும் அந்தத் தீவுக்குத் தூதர். நீங்களும் வளர்ந்து அப்படித் தூதராக வேண்டும்." மாணவர்கள் கைதட்டினர். ஆசிரியர்களும் தட்டினர். நான் தட்டவில்லை.

மருத்துவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அந்த வாக்கியம் அவருடையதே அன்று. 1966ஆம் ஆண்டு லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் என்பவர் சுற்றுலாப் பயணியரை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துச் சென்றார். 1969இல் அதற்கெனவே ஒரு கப்பலையும் கட்டினார். ஆய்வுப் பயணம் என்ற பெயரில் இன்று நடக்கும் கப்பல் சுற்றுலாத் தொழில் அங்கிருந்து கிளைத்தது. அத்தொழிலோடு கூடவே வளர்ந்த வாதம்தான் இது: காணாததை எவரும் காக்க மாட்டார், கண்டவர் காப்பார், ஆகவே காண வருவோர் எல்லாம் தூதர். விளம்பர ஏடுகளில் இச்சொல் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கிறது. விற்பவருக்கு இனிக்கும் சொல். வாங்குபவருக்கு இன்னும் இனிக்கும் சொல்.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். தூது என்றால் அனுப்புபவர் ஒருவர் வேண்டாமா? அனுப்பாமலே போய்வந்தவரை எந்த ஊரில் தூதர் என்பார்கள்? நம் இலக்கியத்தில் தூது ஒரு தனிச் சிற்றிலக்கிய வகை. அதில் அன்னம் போகும், கிளி போகும், முகிலும் தென்றலும் போகும். மனிதன் தன் துயரைச் சொல்லிப் பறவையை அனுப்புவான். இங்கே நிலைமை தலைகீழாக இருக்கிறது. பறவை ஒன்றும் சொல்லவில்லை, யாரையும் அழைக்கவில்லை, மனிதன் தானே போய், தானே படமெடுத்து, தானே திரும்பி வந்து, "அவை என்னை அனுப்பின" என்கிறான்.

சரி, பயணத்துக்கு வருவோம். மருத்துவர் சொன்னவற்றுள் என் நெஞ்சில் நின்றது சுனேர்ஸ் தீவுகளைப் பற்றிய பகுதி. நியூசிலாந்தின் தென்தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறு தீவுக் கூட்டம். எல்லாம் சேர்த்து மூன்றரைச் சதுரக் கிலோமீட்டர்தான் தேறும். 1791ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வான்கூவர், பிராட்டன் எனும் இரு கப்பல் தலைவர்கள் ஒரே நாளில், ஒருவரையொருவர் அறியாமல், இத்தீவுகளைக் கண்டனர். கப்பல்களைச் சிக்கவைக்கும் கண்ணி போன்றவை என்பதால் வான்கூவர் வைத்த பெயர் அது. கொண்டியுடைய பெங்குவின் இனம் ஒன்று இங்கு மட்டுமே குஞ்சு பொரிக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. மாவோரி மக்கள் 'டீட்டீ' என்றழைக்கும் கருநிறக் கடற்பறவைகள் இலட்சக்கணக்கில் இங்கே மண்ணுக்குள் வளை தோண்டிக் கூடு வைக்கின்றன. பகலெல்லாம் கடலில் இரை தேடிவிட்டு, பொழுது சாயும் வேளையில் வானம் இருள இருளக் கூட்டமாய்த் திரும்புகின்றன. குஞ்சு வளர்ந்ததும் பசிபிக்கின் வடபகுதிக்குப் பறந்துவிடுகின்றன. நியூசிலாந்தில் கூடு வைக்கும் இப்பறவைகளின் காலில் கருவி கட்டிப் பார்த்தபோது, ஓராண்டில் ஏறக்குறைய 64,000 கிலோமீட்டர் பறந்தது தெரியவந்தது. 2006இல் வெளியான செய்தி இது.

இத்தீவில் பயணி எவரும் இறங்க முடியாது. சட்டம் விடாது. சோடியாக் எனப்படும் இரப்பர்ப் படகில் கரையோரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்ப வேண்டியதுதான். மருத்துவருக்கு அதில் மிகுந்த மனத்தாங்கல். "இவ்வளவு தூரம் வந்து, கை நீட்டினால் தொடும் தொலைவில் நின்று, இறங்காமல் திரும்பினோம் ஐயா!" என்று என்னிடம் தனியே வருந்தினார்.

ஆனால் அன்பர்களே, அவர் பேசிய ஒன்றரை மணி நேரத்தில் எந்தப் பகுதி மிகச் சிறப்பாக இருந்தது தெரியுமா? இறங்காத அந்தத் தீவுதான்! படகு ஆடியது, பாசி வழுக்கும் பாறையில் பெங்குவின்கள் வரிசையாய் ஏறியது, ஒன்று சறுக்கி விழுந்து மீண்டும் ஏறியது, மரங்களுக்குள்ளிருந்து வந்த இரைச்சல், மூக்கைத் துளைத்த எச்ச நாற்றம்… பிள்ளைகள் சிரித்ததும் வியந்ததும் அங்கேதான். இறங்கி நடந்த எண்டர்பி தீவைப் பற்றியும் கேம்பெல் தீவைப் பற்றியும் பேசும்போது, மரப்பலகை நடைபாதையையும் மழையையும் தம் முழங்கால் வலியையும்தான் மிகுதியாகச் சொன்னார். கால் வைத்தால்தான் நெஞ்சில் பதியும் என்பதற்கு அவர் பேச்சே மறுப்பு. இதை அவரிடமே சொன்னேன். சிரித்தார், ஏற்கவில்லை.

ஏன் இறங்கக் கூடாது? முதற் காரணம் எளியது. சுனேர்ஸ் தீவின் மண் மெத்தென்ற கரிமண். அதன் அடியில் முழுதும் வளைகள். மனிதன் ஓரடி வைத்தால் கூரை இடிந்து உள்ளிருக்கும் முட்டையோ குஞ்சோ புதைந்துபோகும். பார்க்க வந்தவன், பார்க்க வந்ததையே மிதித்துக் கொல்லும் நிலை.

இரண்டாம் காரணம் எலி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் "ஒரு நாள் இறங்கினால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. ஸ்டூவர்ட் தீவுக்குத் தென்மேற்கே பிக் சவுத் கேப் என்றொரு சிறு தீவு உண்டு. பிற தீவுகளில் அழிந்துபோன பல பறவைகளுக்கு அது கடைசிப் புகலிடமாக இருந்தது. அத்தீவுக்கு மீன்பிடிப் படகுகளும் பறவை பிடிப்போரின் படகுகளும் வந்துபோயின. யாரும் தீங்கு நினைக்கவில்லை. எப்படியோ எலி கரையேறியது. 1964இல் தீவு முழுதும் எலி. எலியால் ஒரு பறவையினமே அழியுமா என்று ஐயுற்று வாதாடிய அறிஞர்களும் அப்போது இருந்தனர். அவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, வனவிலங்குத் துறையினர் சிலர் ஓடிப்போய், 'டீயகே' எனும் பறவைகள் 36ஐப் பிடித்து எலியில்லாத அருகுத் தீவுகளுக்கு மாற்றினர். அந்த இனம் பிழைத்தது. ஆனால் அங்கிருந்த உள்ளான் இனம் ஒன்று மறைந்தது. புதர்க்குருவி வகையொன்றின் ஆறு பறவைகளையும் வேறு தீவுக்கு மாற்றிப் பார்த்தனர், அவை நிலைக்கவில்லை. வௌவால் இனம் ஒன்று 1967க்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. மூன்று இனங்கள் ஒரு தீவில் சில ஆண்டுகளில் போயின.

சுனேர்ஸ் தீவுகளில் இன்றுவரை எலி இல்லை; பூனை இல்லை; முயலும் இல்லை. மனிதன் கொண்டுவந்த பாலூட்டி எதுவும் அங்கே குடியேறியதே இல்லை. உலகில் இப்படிச் சொல்லத்தக்க இடங்கள் எத்தனை எஞ்சியுள்ளன?

இதற்குக் கப்பல்காரர்களின் மறுமொழி எனக்குத் தெரியும். "நாங்கள் அந்தக் காலத்துப் படகுகள் அல்லோம், காலணியைக் கழுவுகிறோம், பையின் மூலை முடுக்கை உறிஞ்சுகருவியால் துடைக்கிறோம், உடையில் ஒட்டிய விதையை ஊசியால் எடுக்கிறோம், அரசாங்கப் பொறுப்பாளர் உடன் வருகிறார்." உண்மைதான். மருத்துவர் ஒரு மாலை முழுதும் தம் காற்சட்டை மடிப்பிலிருந்து புல்விதை பொறுக்கிய கதையைச் சொன்னார். நான் பாராட்டுகிறேன். ஆயினும் இத்தனை துடைப்பும் எதை மெய்ப்பிக்கிறது? மனிதன் அங்கே கால் வைப்பதே இடர் என்பதைத்தானே? 2007-2008 பருவத்தில் அண்டார்க்டிகாவுக்குச் சென்றவர்களின் உடைகளையும் பைகளையும் ஆராய்ந்தனர். விதை சுமந்தவர்களிடம் சராசரியாக ஆளுக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட விதைகள் இருந்தன. நடுநிலையாகச் சொல்ல வேண்டுமானால், சுற்றுலாப் பயணியரைவிட ஆய்வாளர்களே ஆளுக்கு ஆள் மிகுதியாகச் சுமந்திருந்தனர். ஆகவே அறிவியல் என்ற பெயரில் போவோரையும் கேள்வி கேட்காமல் விடக் கூடாது. ஆனால் ஆய்வாளர் போவதற்கு ஒரு பணி இருக்கிறது. பயணிக்கு?

"பயணிக்கு அன்பு பிறக்கிறது" என்பார்கள். இங்கேதான் எனக்குச் சினம் வருகிறது.

நான் ஐந்தாம் ஆண்டு படித்த 1986ஆம் ஆண்டில், குடும்பத்தோடு திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரைக்குச் சென்றோம். பேராமை முட்டையிடுவதைப் பார்க்க. மலாய் மொழியில் 'பெனியூ பெலிம்பிங்' என்பார்கள். நட்சத்திரப்பழம் போல் முதுகில் வரிகள் இருப்பதால் அப்பெயர். நள்ளிரவில் ஓர் ஆமை கரையேறியது. உடனே எங்கிருந்துதான் வந்தார்களோ, நூறு பேருக்குக் குறையாமல் சூழ்ந்துகொண்டார்கள். கைவிளக்கு ஒளி அதன் முகத்தில். படக்கருவிகள் பளிச்சிட்டன. ஓர் இளைஞர் அதன் முதுகில் ஏறி அமர்ந்து படமெடுத்துக்கொண்டார், கூட்டம் ஆரவாரித்தது. ஆமையின் கண்ணில் நீர் வழிந்தது. அது உப்பை வெளியேற்றும் நீர் என்று பின்னாளில் படித்தேன். அன்று என் அம்மா அழுகை என்றுதான் நினைத்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார்.

1950களில் அக்கடற்கரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 கூடுகள் இருந்தன. பின்னர் நூற்றில் ஒன்றுகூட எஞ்சாமல் போயிற்று. முதன்மைக் காரணம் சுற்றுலா அன்று. முட்டைகளைத் தோண்டி விற்றதும் மீன்வலைகளில் ஆமைகள் சிக்கி மாண்டதுமே பெருங்காரணங்கள். அதை மறைத்துவிட்டு வாதாடினால் அது நேர்மையாகாது. நான் கேட்பது வேறு. பத்து, இருபது ஆண்டுகளாக ஆயிரம் ஆயிரமாய் அக்கடற்கரைக்கு வந்து, அருகில் நின்று, தொட்டுப் பார்த்து, வியந்து திரும்பிய அத்தனை பேரும் தூதர்கள் அல்லரா? எங்கே போனார்கள்? அவர்களுள் பலர் மறுநாள் காலையில் அங்காடியில் அதே ஆமையின் முட்டையை வாங்கி உண்டார்கள். கண்டால் அன்பு பிறக்கும், அன்பு பிறந்தால் காப்பு வரும் என்பது அத்தனை எளிய சூத்திரமாக இருந்திருந்தால், இன்று உலகிலேயே மிகச் சிறப்பாகக் காக்கப்பட்ட கடற்கரை நம் ரந்தாவ் அபாங் ஆகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது பணம். இது வலிய வாதம். தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள சவுத் ஜார்ஜியா தீவைச் சான்று காட்டுவார்கள். நிலைத்த குடிமக்கள் எவரும் இல்லாத தீவு; பணியாளர்கள் சிலர் மட்டும் முறைவைத்துத் தங்குவர். 1904 முதல் 1965 வரை 1,75,000க்கும் மேற்பட்ட திமிங்கலங்களை அத்தீவில் அறுத்தார்கள். முன்பு கடல்நாய் வேட்டைக்கும் திமிங்கல வேட்டைக்கும் வந்த கப்பல்களோடு எலியும் வந்தது. அந்த எலியை ஒழிக்க 2011 முதல் 2015 வரை மூன்று கட்டமாக உலங்கூர்தியில் நஞ்சுணவு தூவினர். 2018இல் எலியற்ற தீவு என அறிவித்தனர். இதை நடத்திய அறக்கட்டளைக்குக் கிடைத்த நன்கொடையில் கப்பல் பயணியரின் பணமும் உண்டு. மறுக்கவில்லை, கைகூப்பி வணங்குகிறேன்.

ஆனால் பணம் கொடுத்தவர் கால் வைத்தே தீர வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? நம் ஊரில் கோயிலுக்குக் குடமுழுக்கு நடக்கிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கூட நூறு ரிங்கிட் எழுதுவார். எழுதிவிட்டு, "நான் கருவறைக்குள் போய்ச் சிலையைத் தொட்டுப் பார்த்தால்தான் எனக்குப் பக்தி வரும்" என்று கேட்டாரா? (கருவறைக்குள் யார் போகலாம் என்பது வேறு வழக்கு, அதில் என் நிலைப்பாடு வேறு. அதை இங்கே இழுக்க வேண்டா.) வெளியே நின்று கும்பிட்டவருக்கும் கோயில் அவருடையதுதான். படகில் நின்று பார்த்தவருக்கும் தீவு காட்சி தரும். கட்டணத்தை அப்படியே வாங்குங்கள், படகோடு நிறுத்துங்கள். பணம் குறையும் என்கிறீர்களா? அப்படியானால் அவர்கள் கொடுத்தது தீவுக்காக அன்று, இறங்கும் இன்பத்துக்காக என்று ஆகிறது. பிறகு எதற்குத் தூதர் பட்டம்?

சவுத் ஜார்ஜியாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் பறவைக்காய்ச்சல் அங்கே எட்டியது. முதலில் ஸ்குவா எனும் கடற்பறவைகள் மாண்டன. பின்னர் யானைக் கடல்நாய்களுக்கும் பரவியது. அத்தீவின் மூன்று பெரிய இனப்பெருக்கக் கடற்கரைகளில் 2022இல் இருந்த பெண் கடல்நாய்களைவிட 2024இல் 47 விழுக்காடு குறைவு என 2025இல் ஆய்வு வெளியிட்டனர். அதே 2025இல் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள ஹேர்ட் தீவிலும் நோய் உறுதியாயிற்று. ஹேர்ட் தீவுக்குச் சுற்றுலாக் கப்பல் போவதே அரிது. ஆகவே நோயைப் பயணியர் கொண்டுவந்தனர் என்று நான் சொல்லவில்லை; பறவைகளே கொண்டுவந்தன. அதனால்தான் கேட்கிறேன்: வானில் வருவதைத் தடுக்க நம்மால் ஆகாது, கப்பலில் வருவதைத் தடுக்க ஆகும். கூட்டத்தில் பாதி போன கடற்கரையில், ஒரே வேளையில் நூறு பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்று விதி இருக்கிறதே என்று பெருமை கொள்வதா? நூறு பேர் ஏறியதும் அடுத்த நூறு பேர் இறங்குவர் என்பதைப் பிள்ளைகள்கூடக் கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.

மருத்துவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எட்டாத பழம் புளிக்கும் ஐயா." இருக்கலாம். அப்பயணத்துக்கு அவர் கட்டிய தொகைக்கு என் ஓராண்டுச் சம்பளம் போதாது. நான் போனதில்லை, போகப் போவதும் இல்லை. போகாதவனுக்குப் பேச உரிமை இல்லையென்றால், உலகில் பெரும்பாலோர்க்கு இத்தீவுகளைப் பற்றிப் பேச உரிமை இல்லை. பணம் படைத்த சில ஆயிரம் பேர் மட்டுமே அவற்றுக்காக வாய் திறக்கலாம் என்று ஆகிவிடும். 'தூதர்' எனும் சொல்லின் உள்ளே பதுங்கியிருக்கும் கருத்து இதுதான். எங்கள் ஆறாம் ஆண்டு வகுப்பில் இருபத்துமூன்று பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட கப்பலில் ஒருநாளும் ஏறப்போவதில்லை. அவர்களிடம் போய், கால் வைத்தால்தான் உனக்கு அத்தீவின்மேல் அன்பு உண்டாகும், உரிமை உண்டாகும் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அன்று மாலையே ஒரு மாணவி என்னிடம் வந்து, "அந்தக் கறுப்புப் பறவை குஞ்சை விட்டுட்டு எப்படி ஐயா அவ்வளவு தூரம் போகும்? குஞ்சுக்கு வழி யார் சொல்லுவா?" என்று கேட்டாள். அவள் பினாங்குப் பாலத்தைக்கூட இன்னும் பார்த்ததில்லை.

நான் கேட்பது பெரிதொன்றும் அன்று. நியூசிலாந்து அரசு சுனேர்ஸ், பவுண்ட்டி, ஆண்டிபோடீஸ் தீவுகளுக்கு வைத்திருக்கும் விதி மற்ற ஆளில்லாத் தீவுகளுக்கும் வர வேண்டும். மரப்பாதை போட்ட இடங்களில் இருப்பதோடு நிற்கட்டும். புதிதாய் ஓர் இறங்குதுறைக்கும் இசைவு கூடாது. கேம்பெல் தீவைப் பாருங்கள். அங்கே கிளுவை இனத்தைச் சேர்ந்த பறக்காத வாத்து ஒன்று இருந்தது. கப்பல் எலிகள் அதைத் துடைத்துவிட்டன. அழிந்தேவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில், 1975இல் அருகிலுள்ள டெண்ட் எனும் 23 ஹெக்டேர்ப் பாறைத் தீவில் சில எஞ்சியிருப்பதைக் கண்டனர். எலியும் ஏறவில்லை, மனிதனும் ஏறவில்லை, ஆகவே இருந்தன. 2001இல் கேம்பெலில் 120 டன் நஞ்சுணவு தூவி எலியை ஒழித்து, 2004இல் வாத்துகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டனர்.

"தொழில் படுத்துவிடும், தீவை மக்கள் மறந்துவிடுவர்" என்று அஞ்சுவோர் நம் சபாவின் சிபாடான் தீவைப் பார்க்கட்டும். 2004ஆம் ஆண்டு முடிவுக்குள் அங்கிருந்த முக்குளிப்போர் தங்குவிடுதிகள் அனைத்தையும் அரசாங்கம் அப்புறப்படுத்தியது. நாளொன்றுக்கு 120 பேர் என வரம்பு வைத்தது. அன்றும் இதே கூக்குரல்தான். (2006 மே மாதம், அத்தீவில் கட்டடம் எழுப்பப் பொருள் ஏற்றிவந்த மிதவைக்கலம் ஒன்று பவளப்பாறையை நொறுக்கியதையும் மறக்க வேண்டா, நன்மை செய்யப் போவோரும் இறங்கினால் இதுதான்.) வரம்பைப் பின்னர் ஓரளவு உயர்த்தினார்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இரவு தங்கும் வழக்கம் திரும்பவில்லை. பகலில் வருகிறார்கள், நீரில் இறங்குகிறார்கள், பொழுது சாயுமுன் படகேறி விடுகிறார்கள். இன்றும் அந்த அனுமதிச் சீட்டுக்கு வெளிநாட்டினர் மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிந்து காத்திருக்கிறார்கள்.